மண்ணைப் படிக்கப் போகும் மகள்



பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவரும் நாட்களில் பெற்றோர் ஒரு போதகரிடம் கொண்டுவரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. எந்தப் பாடப்பிரிவு நல்லது? எந்தக் கல்லூரியில் இடம் கிடைக்கும்? கட்டணத்துக்கு என்ன வழி? ஆனால் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்யும் சகோதரர் ஒருவர், ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் கலைந்துபோன பின்பு, தயங்கித் தயங்கி என்னிடம் கேட்ட கேள்வி வேறுவிதமாயிருந்தது.

அவருடைய ஊர் ஆந்திராவில் நகரிக்கு அருகே ஒரு சிற்றூர். வீட்டில் பேசுவது தமிழ். சந்தையிலும் அலுவலகத்திலும் தெலுங்கு. மூன்று ஏக்கர் மானாவாரி நிலம் இருந்தும் பிழைக்க வழியில்லாமல் கணவனும் மனைவியும் சென்னைக்கு வந்துவிட்டார்கள். மகள் மட்டும் பாட்டியிடம் தங்கி, ஊருக்கருகே உள்ள ஜில்லா பரிஷத் பள்ளியில் படித்தாள். நல்ல மதிப்பெண்களுடன் தேறியும் விட்டாள்.

“ஐயா, கடன் வாங்கி விதைத்து, போட்ட முதலும் வராமல், இந்த மண்ணே வேண்டாம் என்றுதான் பட்டணத்துக்கு வந்தோம். இப்போது என் மகள் திருப்பதிக்குப் போய் விவசாய டிப்ளமோ படிக்கிறேன் என்கிறாள். பயிரைப் பற்றியும் மண்ணைப் பற்றியும் இரண்டு வருஷம் படிப்பாளாம். நான் விட்டு ஓடிவந்ததைப் பிடிக்க என் பிள்ளையையே அனுப்பட்டுமா?” என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை, பயம் இருந்தது.

உடனே பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. விதைக்கிறவன் உவமையை வைத்து எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். ஆனால் கற்பாறை நிலம் என்றால் மேலே எத்தனை அங்குல மண் இருக்கும், அதில் விழுந்த விதை ஏன் உலர்ந்துபோகிறது என்று ஒருநாளும் விசாரித்ததில்லை. “அடுத்த ஞாயிறு பேசுவோம், அதற்குள் விசாரித்து வைக்கிறேன்” என்றேன். விசாரித்து அறிந்தவற்றைத்தான் இப்போது உங்கள் முன் வைக்கிறேன். ஏனெனில் சென்னையிலும் பெங்களூரிலும் வாழும் நம்முடைய குடும்பங்களில் இதே கேள்வியை மனதில் வைத்திருப்போர் பலர் என்று நான் நம்புகிறேன்.

நாம் விட்டுவந்த நிலம்

சித்தூர் மாவட்டம் 1911-ஆம் ஆண்டில் வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து உருவாக்கப்பட்டது. 1960-இல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி தமிழ்நாட்டின் பக்கம் வந்தது. நகரி, புத்தூர், குப்பம் முதலிய பகுதிகளில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் ஆந்திராவிலேயே நிலைத்தன. 2022 ஏப்ரலில் அந்தப் பழைய மாவட்டமும் பிரிந்து, திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் இப்படிப் பலமுறை மாறினாலும் மண் மாறவில்லை.

அந்த மண் பெரும்பாலும் செம்மண். மணல் கலந்தது, ஆழம் குறைந்தது, பல இடங்களில் சரளைக் கல் நிறைந்தது. மழை அறவே இல்லாத நாடு என்று அதைச் சொல்ல முடியாது. பழைய சித்தூர் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டிலும் அதற்குப் பங்கு உண்டு. ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் நாலாயிரம் லிட்டருக்குச் சற்று அதிகமான தண்ணீர் இறங்குகிறது என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஆனால் அந்தத் தண்ணீரைப் பிடித்து வைக்கும் மக்கு மண்ணில் இல்லை. பெய்த மழை ஓடிவிடுகிறது அல்லது இறங்கி மறைந்துவிடுகிறது. விதைத்த பின்பு மூன்று வாரம் மழை நின்றால் பயிர் தலை சாய்கிறது. ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரம் அடியைத் தாண்டியும் வெறும் புழுதியைக் கக்கிய கதைகளை நீங்களே அறிவீர்கள்.

இந்த மண்ணில் நம் முன்னோர் நம்பிய பயிர் வேர்க்கடலை. மணிலாக் கொட்டை, மல்லாட்டை என்று வட ஆர்க்காட்டு வழக்கில் சொல்வார்களே, அதுதான். திண்டிவனத்திலிருந்து 1940-இல் வெளிவந்த டி.எம்.வி. 2 என்னும் ரகம் தலைமுறை தலைமுறையாக அங்கே விதைக்கப்பட்டது. பின்னர் கடலை குறைந்து, நிலங்கள் மாந்தோப்புகளாயின. தண்ணீர் உள்ளவர்கள் தக்காளியும் கரும்பும் வைத்தார்கள். தண்ணீர் இல்லாதவர்கள் பஸ் ஏறினார்கள்.

திருப்பதியில் என்ன இருக்கிறது?

திருப்பதி என்றவுடன் மலையும் யாத்திரிகர் கூட்டமுமே நம் நினைவுக்கு வரும். ஆனால் அது ஒரு பெரிய கல்வி நகரம். அங்கே ஸ்ரீ வெங்கடேஸ்வரா வேளாண்மைக் கல்லூரி 1961-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. 1964-இல் ஆந்திரப் பிரதேச வேளாண்மைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது அதன் கல்லூரிகளில் ஒன்றாயிற்று. விவசாயிகளின் தலைவர் என்.ஜி. ரங்கா அவர்களின் பெயர் 1996-இல் அந்தப் பல்கலைக்கழகத்துக்குச் சூட்டப்பட்டது. மண்டல வேளாண்மை ஆராய்ச்சி நிலையமும் திருப்பதியில்தான் உள்ளது. வறட்சியைத் தாங்கும் ‘தரணி’ முதலிய வேர்க்கடலை ரகங்கள் அங்கிருந்தே வெளிவந்தன.

இக்கல்லூரியில் நான்காண்டுப் பட்டப்படிப்பு இருக்கிறது. அதற்குப் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான இன்டர்மீடியட் படித்து, மாநில நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். ஆனால் நம் சகோதரரின் மகள் கேட்டது அதுவல்ல. அதே பல்கலைக்கழகம் வேளாண் பாலிடெக்னிக்குகளையும் நடத்துகிறது. திருப்பதியிலும் கலிகிரியிலும் அவை உண்டு. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை இரண்டு ஆண்டுகள் படித்து வேளாண்மையில் டிப்ளமோ பெறலாம். விதைத் தொழில்நுட்பம், இயற்கை வேளாண்மை, வேளாண் பொறியியல் ஆகியவற்றிலும் டிப்ளமோக்கள் உள்ளன. டிப்ளமோ முடித்தவர்கள் ‘அக்ரிசெட்’ என்னும் தேர்வு எழுதிப் பட்டப்படிப்பிலும் சேரலாம். ஆகவே டிப்ளமோவோடு வாசல் அடைபட்டுப் போவதில்லை.

மேல்நாடுகளில் இத்தகைய குறுகிய காலப் படிப்பைச் சமுதாயக் கல்லூரிகள் தருகின்றன. அமெரிக்காவில் ஜோலியட் என்னும் ஊரில் 1901-இல் தொடங்கிய கல்லூரி அவ்வகையில் முன்னோடி. இன்றும் அங்கே மாணவர்கள் கல்லூரியின் சொந்தப் பண்ணையில் பயிரையும் மண்ணையும் படிக்கிறார்கள். உள்ளூர்ப் பிள்ளை, உள்ளூரிலேயே, குறைந்த செலவில், உள்ளூருக்கு வேண்டிய தொழிலைக் கற்க வேண்டும் என்பதே அவற்றின் நோக்கம். திருப்பதியின் பாலிடெக்னிக்கும் ஏறத்தாழ அதே வேலையைத்தான் செய்கிறது.

வேளாண்மையைப் பள்ளியில் கற்பிப்பது நமக்குப் புதியதும் அல்ல. இன்று மின்சார ரயிலில் நாம் கடந்துபோகும் சைதாப்பேட்டையில் 1868-இலேயே வேளாண் பள்ளி ஒன்று தொடங்கிற்று. அது 1906-இல் கோயம்புத்தூருக்கு மாறி, 1971-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. வடக்கே அலகாபாத்தில் சாம் ஹிக்கின்பாட்டம் என்ற மிஷனரி 1903-இல் வந்து கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தார். சுற்றியுள்ள கிராமங்களின் வறுமையைக் கண்டபின், பொருளாதாரப் பாடம் மட்டும் போதாது என்று உணர்ந்து, முப்பது வயதைத் தாண்டிய நிலையில் அமெரிக்கா திரும்பி ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்தார். அலகாபாத் வேளாண்மை நிறுவனம் அவர் முயற்சியால் உண்டானது. வேதம் படித்த மனிதர் மறுபடியும் மாணவராகி மண்ணைப் படிக்கச் சென்றார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

முதல் பாடம்: அரைக் கிலோ மண்

அந்தப் படிப்பில் அப்படி என்னதான் சொல்லிக் கொடுக்கிறார்கள்? சகோதரரின் முக்கியமான சந்தேகம் இதுதான். “உழவு எனக்குத் தெரியாதா? என் அப்பாவுக்குத் தெரியாதா? அதைப் போய்க் கல்லூரியில் படிப்பார்களா?” என்றார்.

பயிரை வளர்க்கும் முறையைப் பற்றிய உழவியல், மண்ணின் தன்மையைப் பற்றிய மண்ணியல், பூச்சி, நோய், விதை, தோட்டக்கலை, விவசாயியிடம் செய்தியைக் கொண்டு சேர்க்கும் விரிவாக்கக் கல்வி ஆகியவை இப்படிப்பின் முக்கியப் பகுதிகள். வகுப்பறையோடு வயலும் உண்டு. மண்ணியலில் மாணவர்கள் தொடக்கத்திலேயே கற்பது மண் மாதிரி எடுப்பது.

கேட்பதற்கு எளிது. ஆனால் எண்ணிப் பாருங்கள்: ஒரு ஏக்கரில் மேலுள்ள ஆறு அங்குல மண்ணின் எடை ஏறத்தாழ 9 லட்சம் கிலோ. அவ்வளவு மண்ணைப் பற்றியும் ஆய்வகத்துக்குப் போகும் அரைக் கிலோ மண் உண்மை சொல்ல வேண்டும். ஆகவே அதை எடுப்பதற்கு ஒழுங்கு இருக்கிறது. நிலத்தில் வளைந்து வளைந்து நடந்து பத்துப் பதினைந்து இடங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். வரப்போரம், மரத்தடி, எருக்குழி, அண்மையில் உரம் போட்ட இடம் ஆகியவற்றை விட்டுவிட வேண்டும். மேலுள்ள சருகை நீக்கி, ஆங்கில எழுத்து ‘வி’ போல அரையடி ஆழத்துக்குக் குழி வெட்டி, அதன் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் செதுக்கி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து, பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பகுதிகளைத் தள்ளிவிட வேண்டும். அரைக் கிலோ வரும்வரை இப்படியே திரும்பத் திரும்பச் செய்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் போட வேண்டும்.

ஆய்வகம் அந்த மண்ணில் பலவற்றைப் பார்க்கிறது. மத்திய அரசு 2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் 12 அளவுகள் உண்டு: கார அமிலத் தன்மை, உப்பின் அளவு, கரிமச் சத்து, தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான். இவற்றில் கரிமச் சத்து அரை சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அந்த மண் ஏழை மண் என்று பொருள். நம் செம்மண் நிலங்களில் பல இந்த வரிசையில் நிற்பவை.

அட்டை கிடைத்த பல வீடுகளில் அது ரேஷன் அட்டையோடு பெட்டியில் கிடக்கிறது. அதிலுள்ள எண்களை வாசித்து, “மாமா, உங்கள் நிலத்தில் மணிச்சத்து தேவைக்கு மேல் இருக்கிறது, இந்த வருஷம் அந்த மூட்டையை வாங்க வேண்டாம்” என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். உரக் கடைக்காரர் அதைச் சொல்வாரென்று எதிர்பார்க்க முடியாது. விற்பது அவருடைய தொழில். அதைச் சொல்லக்கூடிய ஆளை உருவாக்குவதே இந்தப் படிப்பின் பயன்.

பொக்குக் காய் சொன்ன பாடம்

அடுத்த ஞாயிறு அந்தச் சகோதரரிடம், “கடைசியாக விதைத்த வருஷங்களில் என்னதான் நடந்தது?” என்று கேட்டேன்.

“செடி நன்றாய்த்தான் வந்தது ஐயா. பச்சைப் பசேலென்று இருந்தது. பிடுங்கிப் பார்த்தால் பாதிக்கு மேல் பொக்கு. காய் இருக்கும், உள்ளே பருப்பு இருக்காது. இரண்டு வருஷம் அப்படி ஆயிற்று. மூன்றாவது வருஷம் கடன்காரர் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்.”

“என்ன உரம் போட்டீர்கள்?”

“டி.ஏ.பி., யூரியா. கடையில் கொடுத்ததுதான்.”

“ஜிப்சம்?”

அவர் தலையை அசைத்தார். அப்படி ஒன்று உண்டென்று கேள்விப்பட்டிருக்கிறார், போட்டதில்லை.

வாசகர்களே, இந்த இடத்தில் சற்று நின்று கவனியுங்கள். வேர்க்கடலை ஒரு விசித்திரமான செடி. பூ வெளியே பூக்கிறது. காய் மண்ணுக்குள் காய்க்கிறது. பூ கருவுற்றபின் அதன் அடியிலிருந்து ஊசி போன்ற விழுது புறப்பட்டுக் கீழ்நோக்கி வளர்ந்து, மண்ணுக்குள் இறங்கி, அங்கே நுனி பருத்துக் காயாகிறது. பருப்பு திரள்வதற்குச் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், வேண்டும். வேர் அந்தச் சத்தை மண்ணிலிருந்து உறிஞ்சி இலைக்கு அனுப்புகிறது. ஆனால் இலைக்குப் போன கால்சியம் திரும்பிக் கீழே காய்க்கு வருவதில்லை. காய், தான் கிடக்கும் மேல்மண்ணிலிருந்து தன் தோல் வழியாகத் தானே அதை எடுத்துக்கொள்ள வேண்டும். ஆகவே இலை பச்சையாய்ச் செழித்திருக்கும்போதே காய் உள்ளே பட்டினி கிடக்க முடியும். மேலே நின்று பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது.

ஜிப்சத்தில் கால்சியமும் உண்டு, எண்ணெய் வித்துக்கு வேண்டிய கந்தகமும் உண்டு. ஏக்கருக்கு 200 கிலோ வீதம், பூக்கும் பருவத்தில், செடி வரிசையின் ஓரமாக இட்டு மண் அணைக்கும்படி பரிந்துரைக்கிறார்கள். விழுது இறங்கத் தொடங்கிய பின்பு கொத்துவதும் களை கிளறுவதும் கூடாது. இறங்கிய ஊசி அறுந்துவிடும். முன்பு விவசாயிகள் சூப்பர் பாஸ்பேட் இட்ட காலத்தில், மணிச்சத்தோடு கால்சியமும் கந்தகமும் சேர்ந்தே நிலத்துக்குப் போயின. டி.ஏ.பி. மூட்டை வந்தபின் தழையும் மணியும் கிடைத்தன. மற்ற இரண்டும் நின்றுபோயின. மூட்டை மாறியபோது எது விட்டுப்போனது என்று சொல்ல ஊரில் ஆளில்லை.

அந்தச் சகோதரரின் நிலத்தில் பொக்கு விழுந்ததற்கு இதுதான் காரணம் என்று நான் அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். காய் திரளும் நேரத்தில் மழை நின்றாலும் பொக்கு விழும். மண்ணைச் சோதிக்காமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பதே மண்ணியலின் ஒழுக்கம். ஆனால் அந்த நாட்களில் அவர் வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? கண்ணேறு என்றார்கள். மருமகள் வந்த நேரம் என்றார்கள். இந்த நிலம் சாபத்தின் நிலம் என்று ஒருவர் சொன்னாராம். ஒரு பெண் அந்தப் பேச்சை இருபது வருஷமாக மனதில் சுமந்திருக்கிறாள். சோதித்துப் பார்த்திருந்தால் அரைக் கிலோ மண் அவளைக் குற்றமற்றவள் என்று சொல்லியிருக்கக்கூடும். அறியாமை நிலத்தை மட்டும் பாழாக்குவதில்லை. அது குடும்பங்களுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

படிப்பினால் தீராதவை

இவ்வளவு சொன்னபின் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் உண்மையுள்ளவனாக இருக்க மாட்டேன். மண்ணையும் பயிரையும் படித்துவிட்டால் விவசாயத்தின் துன்பமெல்லாம் தீர்ந்துபோகும் என்று எண்ணாதிருங்கள்.

2025-ஆம் ஆண்டில் சித்தூர் மாம்பழ விவசாயிகளுக்கு நேர்ந்ததை நினைத்துப் பாருங்கள். மாங்கூழ்த் தொழிற்சாலைகளுக்குப் போகும் தோத்தாபுரி, அதாவது நாம் பெங்களூரா என்று சொல்லும் ரகம், அமோகமாக விளைந்தது. விலை விழுந்தது. தொழிற்சாலை வாசல்களில் டிராக்டர்களும் லாரிகளும் நாட்கணக்கில் காத்து நின்றன. மாநில அரசு கிலோவுக்கு 4 ரூபாய் மானியம் அறிவிக்க வேண்டியதாயிற்று. அந்த விவசாயிகள் பயிர் வளர்ப்பில் தோற்கவில்லை. நன்றாக விளைவித்ததே அவர்களுக்குச் சோதனையாயிற்று. சந்தையின் கதவை மண்ணியல் திறக்காது.

தண்ணீரும் அப்படியே. நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தப் படிப்பு கற்றுத்தரும். இல்லாத நீரை அது உண்டாக்காது. மூன்று ஏக்கரை முப்பது ஏக்கராகவும் அது ஆக்காது. ஆகவே, “படித்துவிட்டு வந்து நம் நிலத்தில் பொன் விளைவிப்பாள்” என்ற பாரத்தைப் பிள்ளையின் தலையில் ஏற்றாதீர்கள்.

சேர்ப்பதற்கு முன்

பெற்றோர் தெளிவாக அறிய வேண்டிய சில காரியங்கள் உண்டு.

முதலாவது, தகுதி. ஆந்திரக் கல்லூரிகளில் பெரும்பகுதி இடங்கள் உள்ளூர் மாணவருக்கு உரியவை. உள்ளூர் என்பது பிறந்த ஊரை வைத்துத் தீர்மானிக்கப்படுவதில்லை. பிள்ளை தொடர்ந்து எங்கே படித்தது என்பதைப் பார்க்கிறார்கள். வேளாண் படிப்புகளில் கிராமப்புறப் பள்ளிகளில் படித்தவர்களுக்கும் விவசாயிகளின் பிள்ளைகளுக்கும் சலுகை உண்டு. நல்ல பள்ளி வேண்டுமென்று நாம் பட்டணத்துக்குக் கொண்டுவந்த பிள்ளை இங்கே பின்னால் நிற்க நேரலாம். பாட்டியிடம் விட்டுவந்த பிள்ளை முன்னால் நிற்கலாம். விதிகள் அவ்வப்போது மாறுவதால், பல்கலைக்கழகம் அந்தந்த ஆண்டு வெளியிடும் அறிவிப்பை நீங்களே வாசியுங்கள், தரகரை நம்பாதிருங்கள்.

இரண்டாவது, மொழி. வயலில் விவசாயியோடு பேசுவது தெலுங்கில். தமிழ் மட்டும் தெரிந்த பிள்ளை தடுமாறும். இரண்டு மொழியும் அறிந்த எல்லைப் பகுதிப் பிள்ளைக்கோ இது ஒரு வரமாகும்.

மூன்றாவது, வேலை. 2019-இல் ஆந்திர அரசு கிராமச் செயலகங்களை அமைத்தபோது, கிராம வேளாண் உதவியாளர் பணிக்குப் பட்டதாரிகளோடு டிப்ளமோ படித்தவர்களும் தகுதி பெற்றார்கள். 2020-இல் பத்தாயிரத்துக்கும் அதிகமான விவசாயி மையங்கள் திறக்கப்பட்டன. 2024-இல் அவை ரைத்து சேவா மையங்கள் என்று பெயர் மாற்றம் பெற்றன. அரசு வேலை எல்லோருக்கும் கிடைக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. விதை நிறுவனங்கள், நாற்றுப் பண்ணைகள், சொட்டுநீர்ப் பாசன நிறுவனங்கள் ஆகியவற்றிலும் வாய்ப்புகள் உண்டு. பூச்சிமருந்துக் கடை உரிமம் பெறவும் வேளாண் டிப்ளமோ தகுதியாகிறது. வங்கிகளின் வேளாண் அலுவலர் பணிக்கோ நான்காண்டுப் பட்டம் வேண்டும், டிப்ளமோ போதாது.

நான்காவது, அங்கீகாரம். வேளாண்மை என்ற பெயரைப் பலகையில் எழுதிவைத்த இடமெல்லாம் வேளாண் கல்லூரி ஆகிவிடாது. எந்தப் பல்கலைக்கழகத்தின் சான்றிதழ், அது அரசு வேலைக்கும் மேற்படிப்புக்கும் செல்லுமா என்று பணம் கட்டும் முன் கேளுங்கள்.

ஐந்தாவதும் முக்கியமானதும், பிள்ளையின் விருப்பம். வேறெங்கும் இடம் கிடைக்கவில்லை என்பதற்காக இதில் தள்ளாதீர்கள். வெயிலில் நிற்கவும், கையில் மண் படவும், ஒரு பயிருக்காக நான்கு மாதம் பொறுத்திருக்கவும் மனமுள்ள பிள்ளைக்கே இது ஏற்றது.

பெரியவர்களுக்கும் இடம் உண்டு

ஊரில் இன்னும் நிலம் வைத்திருக்கிற பெரியவர்கள், “எங்கள் காலம் முடிந்தது” என்று சொல்ல வேண்டாம். நாட்டின் முதல் வேளாண் அறிவியல் மையம் 1974-இல் புதுச்சேரியில் தொடங்கப்பட்டது. இப்போது கிருஷி விஞ்ஞான் கேந்திரம் என்ற பெயரில் திருப்பதியிலும் கலிகிரியிலும் இத்தகைய மையங்கள் இயங்குகின்றன. சான்றிதழோ மதிப்பெண்ணோ இல்லாமல், விவசாயிகளுக்கு நேரடிப் பயிற்சி தருகிறார்கள். உரக்கடை, மருந்துக்கடை நடத்துகிறவர்களுக்கென்று ஹைதராபாத்திலுள்ள தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனம் 2003 முதல் ஓராண்டு டிப்ளமோ ஒன்றை நடத்துகிறது. கடையை மூடாமலே வாரம் ஒருநாள் சென்று படிக்கலாம். தமிழில் படிக்க விரும்புவோருக்குக் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் தொலைநிலைக் கல்வியில் சான்றிதழ்ப் படிப்புகளை வைத்திருக்கிறது.

அந்த மகள்

நம் சகோதரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, “அன்றைக்கு எங்கள் ஊரில் ஜிப்சம் என்று ஒருவர் சொல்லியிருந்தால்...” என்று தொடங்கி முடிக்காமல் விட்டார். மகளைச் சேர்ப்பதென்று முடிவு செய்தார்கள். இடமும் கிடைத்தது.

முதல் விடுமுறைக்கு ஊருக்கு வந்தவள் நேரே பாட்டியிடம் போய், “நம் நிலத்தில் எந்த மூலையில் பொக்கு அதிகம் விழும்?” என்று கேட்டாளாம். பாட்டி பதில் சொல்ல யோசிக்கவே இல்லை. கிழக்கு ஓரம் கல் மண், அங்கே செடி சீக்கிரம் வாடும். கிணற்று மேட்டருகே காய் பெருக்கும். நடுவில் ஒரு திட்டு உண்டு, அங்கேதான் பொக்கு. இப்படி மூன்று ஏக்கரையும் கைரேகை போலச் சொல்லியிருக்கிறாள். பேத்தி அதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டு, மூன்று இடத்துக்கும் தனித்தனியே மண் எடுத்திருக்கிறாள். ஒரே பையில் கலந்து எடுக்கக்கூடாது என்று வகுப்பில் சொல்லியிருந்தார்களாம். அறுபது வருஷம் உழைத்த பாட்டியிடம் அந்த நிலத்தைப் பற்றி முதன்முதலாகக் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டவள் அந்தப் பிள்ளைதான்.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் ஊரில் ஒரு துண்டு நிலமும், அதை அறிந்த ஒரு முதியவரும், படிக்க விரும்பும் ஒரு பிள்ளையும் இருக்கலாம். பட்டணத்துக்கு வந்ததினால் நாம் தோற்றுப்போனவர்கள் அல்ல. மண்ணைப் படிக்கப் போவதினால் நம் பிள்ளைகள் தாழ்ந்துபோவதும் இல்லை. இந்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது அந்த மூவரையும் ஒருமுறை வரப்பில் ஒன்றாக நிற்க வையுங்கள். பிள்ளையைக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். முதியவர் சொல்லும் பதிலை நீங்களும் பொறுமையாகக் கேளுங்கள். எந்தப் படிப்பு என்ற முடிவை அதற்குப் பிறகு எடுக்கலாம்.